சீப்பில் உருட்டிய பாஸ்தா

கேள்வி: நான் வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். பையனுக்கு நாலு வயது. வெள்ளை மக்ரோனியும் சீஸும் தவிர வேறு எதுவும் அவனுக்கு இறங்காது. காய்கறியைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறான். கடையில் மூன்று கலரில் இருந்த பாஸ்தாவை வாங்கி வந்தேன். பச்சையை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டான். போன வாரம் உணவுச் சாயம் இரண்டு சொட்டு விட்டு மக்ரோனியை நீலமாக்கிக் கொடுத்தேன். தட்டைக் காலி செய்துவிட்டான். இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் கிரெஷ் டீச்சர், கோத்து விளையாட ஒரு பை கலர் மக்ரோனி செய்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். “சாப்பிடுற பொருளைப் பொம்மையாக்காதே” என்று மாமியார் கோபித்துக்கொண்டார். பீட்ரூட், கீரை போட்டு வீட்டிலேயே கலர் பாஸ்தா செய்ய முடியுமா? மெஷின் கிடையாது. புரட்டாசி வருவதால் முட்டையும் கூடாது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த நீல மக்ரோனி விஷயத்தை முடித்துவிடலாம். ஒரு தட்டு சாப்பிட்டதில் ஒன்றும் ஆகிவிடாது. மறுநாள் பையன் பச்சையாக மலம் கழித்திருந்தால் அதுவும் அந்தச் சாயம் செய்த வேலைதான், பயப்பட வேண்டாம். சாயங்களைப் பற்றிய பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2007இல். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளுக்கும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கும் சில செயற்கைச் சாயங்களைச் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளோடு கலந்து பானமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளிடம் துறுதுறுப்பு கூடியது. எல்லாக் குழந்தைகளிடமும் இல்லை. கூடிய அளவும் சிறியதுதான். ஆனாலும் 2010 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆறு சாயங்களுக்கு லேபிளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாகிவிட்டது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கினோலின் யெல்லோ, கார்மோய்சின், பொன்சோ 4ஆர், அல்லூரா ரெட் ஆகியவைதான் அந்த ஆறு. நீலத்துக்குப் பெரும்பாலும் சேர்க்கிற பிரில்லியன்ட் புளூ அதில் இல்லை. பிறந்தநாள் கேக்கில் வருடத்துக்கு ஒரு முறை வந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். தினமும் சாப்பிடுகிற மக்ரோனிக்கு மட்டும் வேண்டாம் என்பேன். அந்தப் பாட்டிலை விளையாட்டுச் சாமான் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமைக்குத் தேவைப்படும்.

ஆனால் அந்த நீலத் தட்டு இன்னொரு விஷயத்தையும் காட்டிவிட்டது, கவனித்தீர்களா? உங்கள் பையனுக்குக் கலர் என்றால் பயம் கிடையாது. நீலத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டவன் பச்சையை ஏன் ஒதுக்கினான்? பச்சை என்றால் கீரை என்று அவனுக்குத் தெரியும். இரண்டிலிருந்து ஆறு வயது வரை புது உணவைச் சந்தேகப்படுவது குழந்தைகளின் இயல்பு. ஒரு காயை எட்டு முறை, பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறைகூட பார்த்து, தொட்டு, மோந்து, துப்பிய பிறகுதான் அது பழகும். நாமோ மூன்றாவது தடவையே “இவனுக்குப் பிடிக்காது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கலர் பாஸ்தாவைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடையில் வாங்கிய மூவண்ணப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், கீரைப் பொடியும் தக்காளிப் பொடியும் கலருக்கு வேண்டிய அளவுதான் இருக்கும். வீட்டில் செய்தாலும் பெரிதாக மாறாது. 200 கிராம் மாவுக்கு 60 கிராம் கீரை விழுது போட்டுப் பிசைந்து, பையனுக்கு அதில் கால்வாசியைக் கொடுத்தால், அவன் வயிற்றுக்குள் போவது 15 கிராம் கீரை. ஒரு மேசைக்கரண்டி. அந்த ஒரு கரண்டிக்காக மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்பது நியாயமே இல்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் பையனும் கூட நின்று பீட்ரூட்டை மசித்து, கையெல்லாம் சிவந்து, தானே உருட்டியதைத் தானே தட்டில் பார்க்கிறான் என்றால் கணக்கே வேறு. நான் கலர் பாஸ்தா செய்யச் சொல்வதும் அதற்காகத்தான். கீரையை ஒளித்து ஊட்டுவதற்கு என்றால் செய்யாதீர்கள். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் வெள்ளை மக்ரோனியையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவான். அப்படி ஆன இரண்டு பிள்ளைகளை என் கிளினிக்கிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, மாவுக்கு வருவோம்.

முட்டை இல்லாமல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தாலியின் தென்பகுதியில் பாஸ்தா மாவு என்றாலே ரவையும் தண்ணீரும்தான். முட்டை போட்டுப் பிசைவது வடக்கே. அதனால் புரட்டாசிப் பாஸ்தா ஒன்றும் குறைந்த சரக்கு இல்லை. நீங்கள் சொஜி கிளற வாங்கும் செமலினா, அதாவது ரவை, 100 கிராம், கேக் ஃப்ளவர் (மைதா மாதிரி வெள்ளைக் கோதுமை மாவு) 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், காய்கறி விழுது சுமார் 100 கிராம். ரவை கரகரவென்று இருந்தால் மிக்சியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். விழுதை மொத்தமாகக் கொட்டாதீர்கள். முக்கால் பங்கைப் போட்டுப் பிசைந்து பார்த்து மீதியைச் சேருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு காயிலும் தண்ணீர் ஒவ்வொரு மாதிரி. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, பூரி மாவையும்விட ஒரு படி கெட்டியாக வரவேண்டும். முதல் ஐந்து நிமிடம் பிளந்து பிளந்து போகும். “கெட்டுப்போச்சு” என்று தண்ணீர் தெளித்துவிடாதீர்கள். ரவை மெதுவாகத்தான் ஈரம் குடிக்கும். எட்டுப் பத்து நிமிடம் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவைத்தால் அதே மாவு காது மடல் போல மெத்தென்று ஆகியிருக்கும்.

இந்த நாட்டில் 2003 அக்டோபரிலிருந்து கோதுமை மாவிலும் மக்காச்சோள மாவிலும் இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் அமிலம், வைட்டமின் ஏ, பி வகைகள் எல்லாம் சேர்த்துத்தான் விற்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. “மாவு மட்டும்தானே தின்கிறான்” என்று வருத்தப்படும் அம்மாக்களிடம் இதைச் சொல்வேன். காய்க்கு ஈடு இல்லை, ஆனால் வெறும் சக்கையும் இல்லை.

பச்சைக் கலருக்கு ஸ்பினாச். இங்கே அந்தப் பேரில் கட்டாகக் கட்டி விற்பது சுவிஸ் சார்ட், நம்மூர்ப் பசலை கிடையாது. அந்தத் தடித்த வெள்ளைத் தண்டைக் கிழித்து எடுத்துவிட்டு இலையை மட்டும் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, துணியில் வைத்து முறுக்கிப் பிழியுங்கள். மாமியார் கையில் கொடுத்தால் இன்னும் நன்றாகப் பிழிவார். பிழிந்தது 60 கிராம் போதும், குறைகிற ஈரத்துக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். கீரைப் பச்சைக்கு எலுமிச்சையும் தக்காளியும் எதிரி. புளிப்புப் பட்டால் பச்சை நிறம் பழுத்துப்போன ஆலிவ் நிறமாகிவிடும். அதனால் பச்சைப் பாஸ்தாவுக்கு வெண்ணெய், சீஸ், கொஞ்சம் பூண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இத்தாலியின் போலோன்யா ஊரில் லசான்யாத் தாளையே கீரை போட்டுப் பச்சையாகத்தான் தேய்ப்பார்கள். கலர் பாஸ்தா என்பது பிள்ளைகளுக்காக நேற்று முளைத்த விளையாட்டு இல்லை.

ஆரஞ்சுக்குப் பட்டர்நட் பூசணி. தண்ணீரில் வேகவைக்காமல் ஓவனில் சுட்டு மசித்தால் விழுது கெட்டியாக இருக்கும். இதன் கலர் எண்ணெயில் கரைகிற வகை, கொதிநீரில் ஓடாது. ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ருசியும் லேசான தித்திப்பு, மக்ரோனி சீஸ் பிள்ளைகளுக்கு அது ஒத்துப்போகும். மஞ்சளுக்கு நம் மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், கூடினால் அரை. அதற்கு மேல் போட்டால் பாஸ்தா ரசம் போல மணக்கும். சிவப்புக்குத் தக்காளிப் பேஸ்ட், சின்னப் பாக்கெட்டில் வருமே, அதில் பாதி.

பீட்ரூட்டைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். மாவாக இருக்கும்போது பட்டுப்புடவை மாதிரி ஒரு சிவப்பு. கொதிநீரில் போட்டதும் கண் முன்னால் தண்ணீர் சிவக்கும், பாஸ்தா வெளுத்து ரோஸாகும். பீட்ரூட்டின் சாயம் தண்ணீரில் கரைவது, சூட்டுக்கும் தாங்காது. அதை முழுதாக நிறுத்த முடியாது, குறைக்கலாம். கிழங்கைத் தோலோடு, வாலை வெட்டாமல் குக்கரில் வேகவைத்து அப்புறம் உரியுங்கள். விழுதில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள். கீரைக்கு எதிரியான புளிப்பு பீட்ரூட்டுக்கு நண்பன். பாஸ்தாவை மெல்லிசாகத் தேய்த்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், சாயம் ஓட நேரம் இருக்காது. நாலு கலரும் ஒரே நாளில் செய்தால் ஒரே தண்ணீரில் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வரிசையாக வேகவைத்து பீட்ரூட்டைக் கடைசியில் போடுங்கள். வரிசை மாறினால் எல்லாமே ரோஸ்தான்.

சாப்பிட்ட அன்றோ மறுநாளோ பையன் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். சிலருக்கு மட்டும் அப்படி ஆகும். ஒரு சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தாத்தா என்னைப் போனில் கூப்பிட்டு, “பிள்ளைக்கு ரத்தமா போகுதும்மா, காரை எடுத்துட்டோம்” என்றார். மதியம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பின்னால் யாரோ “பீட்ரூட் சாலட்” என்று சொல்வது கேட்டது. காரைத் திருப்பச் சொன்னேன். பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவப்பாகப் போனால் மட்டும் காரைத் திருப்பாதீர்கள்.

மெஷின் இல்லை என்ற கவலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம். தீபாவளிக்குச் சிப்பி செய்வோமே, ஊருக்கு ஊர் பேர் மாறும், சோழி என்றும் சொல்வார்கள். மைதா மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, புதுச் சீப்பின் பல்லில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரிவரியாகச் சுருண்டு விழும், எண்ணெயில் பொரித்துப் பாகில் போடுவோம். சர்தீனியாத் தீவில் மல்லொரெத்துஸ் என்று ஒரு பாஸ்தா உண்டு. ரவை மாவு, சிலர் குங்குமப்பூவும் கலப்பார்கள், கூடையின் அடிப்பக்கத்தில் கட்டைவிரலால் இழுப்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது சிப்பி, எது பாஸ்தா என்று எனக்கே சந்தேகம் வரும். பொரித்தால் நம்முடையது, வேகவைத்தால் அவர்களுடையது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மாவைப் பிசைந்து மூடிவைத்த பிறகு, மாமியாரிடம் போய், “அத்தை, சிப்பி உருட்டத் தெரியுமா?” என்று மட்டும் கேளுங்கள். பாஸ்தா என்ற வார்த்தையே வேண்டாம். உபயோகிக்காத புதுச் சீப்பு ஒன்றைக் கொதிநீரில் கழுவி வைத்துக்கொள்ளுங்கள், முள்கரண்டியின் முதுகும் ஆகும். ஆயாவும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ரவை தூவிய தட்டு. நாலு வயது விரலுக்கு இந்த வேலை சரியான அளவு: முதல் பத்து உருண்டை நசுங்கும், அடுத்த பத்து மூட்டைப்பூச்சி மாதிரி வரும், அப்புறம் ஒன்று திடீரென்று ஒழுங்காகச் சுருளும். அதைத் தனியாக எடுத்துவைத்து, வெந்த பிறகு அவன் தட்டிலேயே போடுங்கள். தான் செய்த ஒன்றைத் தேடியாவது மீதியைத் தொடுவான். தொட்டால் போதும், “சாப்பிடு” என்று அன்றைக்குச் சொல்லாதீர்கள். கையால் உருட்டியது தடிமனாக இருக்கும், ஐந்திலிருந்து ஏழு நிமிடம் வேகவேண்டும். ஒன்றைக் கடித்துப் பார்த்து நடுவில் மாவு வெள்ளையாகத் தெரியவில்லை என்றால் இறக்கலாம்.

உருட்டும்போது வேகாத மாவை வாயில் போட விடாதீர்கள். முட்டை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கிறோம், வேகாத கோதுமை மாவிலேயே ஈ.கோலைக் கிருமி இருக்கலாம். உருட்டி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவவேண்டும், ஆயா உட்பட.

மிஞ்சியதைக் காயவைத்து டப்பாவில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டர்பனில் வேண்டாம். என் அனுபவம் இது: ஒரு பிப்ரவரியில் பீட்ரூட் நூடுல்ஸைத் துணிக்கொடி மாதிரி நாற்காலிகளுக்கு நடுவே கட்டிக் காயப்போட்டேன். படத்தில் பார்க்க அழகாக இருந்தது. கடல் காற்றின் ஈரத்தில் இரண்டு நாளாகியும் வளைந்தே தொங்கியது, மூன்றாம் நாள் நுனியில் பச்சைப் பூசணம். இரண்டு கிலோ மாவு குப்பைக்குப் போனது. ரவை தூவிய தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் பையில் கொட்டி மூடுங்கள். ஒரு மாதம் தாங்கும். வேகவைக்கும்போது உருக விடாமல் அப்படியே கொதிநீரில் போடவேண்டும்.

விளையாட்டும் சாப்பாடும் ஒரே தட்டில் நடக்கிற வித்தை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊதா முட்டைக்கோஸ் கால் பாகத்தை நறுக்கித் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரிலேயே சாதாரண வெள்ளைப் பாஸ்தாவை வேகவையுங்கள். நீலமும் ஊதாவும் கலந்த ஒரு நிறம் வரும். பையனுக்குப் பிடித்த அந்த நீலத்துக்கு ரொம்பப் பக்கம். தட்டில் போட்டு, எலுமிச்சைத் துண்டு ஒன்றை அவன் கையில் கொடுத்துப் பிழியச் சொல்லுங்கள். சாறு பட்ட இடமெல்லாம் ரோஸாகும். ஒரு கிண்ணத்தில் தனியாகக் கொஞ்சம் முட்டைக்கோஸ் தண்ணீர் வைத்துச் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நிறம் நீலப் பச்சையாகத் திரும்பும், அது பார்ப்பதற்கு மட்டும். என்னைக் கேட்டால், கடைச் சாயம் வாங்கிக் கலக்குவதைவிட இது நூறு மடங்கு நல்ல விளையாட்டு. முட்டைக்கோஸ் வாசனை கொஞ்சம் வரும், சீஸ் மறைத்துவிடும்.

இனி வெள்ளிக்கிழமை. கோத்து விளையாடும் மக்ரோனிக்குச் சாயம் போடுவது ஐந்து நிமிட வேலை. காலி ஐஸ்கிரீம் டப்பாவில் காய்ந்த மக்ரோனி 250 கிராம், வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சாயம் பத்துப் பதினைந்து சொட்டு. மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்குகிற வேலையைப் பையனிடம் கொடுங்கள், மூடியை மட்டும் நீங்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டில் காகிதம் விரித்துப் பரப்பினால் காலைக்குள் காய்ந்துவிடும். தண்ணீர் சேர்க்காதீர்கள், மக்ரோனி ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வினிகருக்குப் பதில் சானிடைசர் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று சொல்வார்கள். காயும், உண்மைதான். ஆனால் குழந்தை வாயில் வைக்கும் சாமானுக்கு ஆல்கஹால் எதற்கு? அதுவும் அடுப்புக்குப் பக்கத்தில்?

காய்ந்ததும் டப்பாவில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் “விளையாட மட்டும்” என்று எழுதி ஒட்டுங்கள். இதை நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கிரெஷில் அம்மாக்களுக்கு வகுப்பு எடுத்தேன். சாயம் போட்ட மக்ரோனியைப் பேர் எழுதாத டப்பாவில் சமையலறை மேடை மேல் விட்டுவிட்டு வந்துவிட்டேன், தப்பு என்னுடையதுதான். மறுநாள் சமையல் செய்கிற அம்மா அதையும் மதியச் சாப்பாட்டுப் பானையில் கொட்டிவிட்டார். “பானை முழுக்க இங்க் மாதிரி ஆயிட்டு” என்று போன் வந்தது. நல்ல வேளை, சாயமும் வினிகரும்தான். அன்றைக்கு முப்பது பிள்ளைகளுக்கு ரொட்டியும் ஜாமும். அதிலிருந்து என் பையில் லேபிளும் மார்க்கரும் இல்லாமல் நான் வகுப்புக்குப் போவதில்லை.

டீச்சரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளும் அதே அறையில் உண்டா? டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எந்தச் சாமானும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும். மக்ரோனி தாராளமாக நுழையும். அப்புறம், கயிறு. கோக்கிற கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கோத்ததைக் கழுத்தில் மாலையாகக் கட்டிவிடவும் வேண்டாம். ஷூ லேஸைத் துண்டாக நறுக்கி ஒரு முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் சின்ன விரலுக்குப் பிடிக்க வசதி. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருந்தாலும் டீச்சருக்குத் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் விளையாடிய கைதான் அப்புறம் வாய்க்குப் போகும்.

வீட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பலகையில் புள்ளிக் கோலம் போட்டுக் கொடுத்தால் புள்ளிக்கு ஒரு மக்ரோனி வைத்துக்கொண்டே போவான். சிப்பி வடிவப் பாஸ்தா கிடைத்தால் பல்லாங்குழிக்குச் சோழியே வேண்டாம். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் 70. நாலு வயதுக்கு ஆட்டம் முழுதாகப் புரியாது, எண்ணிப் போடுவதே பெரிய காரியம். ஆயாவோடு ஆடும்போது ஒன்று, இரண்டு, மூன்று தமிழில் தானாக வரும். கிரெஷில் அது எங்கே கிடைக்கப்போகிறது?

மாமியார் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. இந்த ஊரிலேயே மாசக் கடைசியில் மக்ரோனி வாங்கக் காசில்லாத வீடுகள் இருக்கின்றன, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிலோக் கணக்கில் பாஸ்தாவைக் கொட்டி மிதித்து விளையாடுவது எனக்கும் பொறுக்காது. வேகவைத்த ஸ்பகெட்டியைத் தொட்டி நிறைய நிரப்பிப் பிள்ளையை உள்ளே உட்காரவைக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வெந்த மாவு வெயிலில் இரண்டு மணி நேரம் இருந்தாலே கிருமிக்கு விருந்து. ஒரு பாக்கெட் காய்ந்த மக்ரோனி அப்படி இல்லை. காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வருடக்கணக்கில் அதையே வைத்து விளையாடலாம். சாயம் போடும் முன் பாக்கெட்டை நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டும் வராது. மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஒரு பாக்கெட், ஒரே முறை, அதற்கு மேல் கிடையாது. அரிசியில் மஞ்சள் கலந்து அட்சதை போடுகிற வீட்டில் இது புரியாமல் போகாது.

பையனின் எடை வயதுக்கு ஏற்ற மாதிரி ஏறிக்கொண்டிருந்தால் வெள்ளை மக்ரோனிக் காலத்தைப் பொறுமையாகக் கடக்கலாம். எடை நின்றுபோனாலோ, கெட்டியான எதைக் கண்டாலும் குமட்டினாலோ, சாப்பிடும் வகைகள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தாலோ கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். அது கலரால் தீர்கிற விஷயம் இல்லை.

வெள்ளிக்கிழமைப் பைக்குப் புதன் இரவே சாயம் போட்டுவிடுங்கள். காயவைக்கும் தட்டை வராந்தாவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சில்வர்கிளென் காட்டுப் பக்கம் உங்கள் வீடு என்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டுச் சிவப்பு மக்ரோனித் தட்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு கூரைமேல் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து எங்கள் மேலேயே எறிந்தது.